இரண்டாவது குட்டியின் கணக்கு

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆடுகள் சாவதில்லை, கிழடாவதும் இல்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியவேண்டும் என்று ஆசைப்படுபவர் ஆடுகளைத் தானமாகக் கொடுப்பார். அவற்றை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளப்பார். நாழியில் கால் பங்கு ஓர் உழக்கு. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையென்றால் 48 பசு, அல்லது 16 எருமை. வேறு பல ஊர்களில் 90 ஆடு.

ஆடு சாகாமல் இருக்குமா? சாகும். நரி தூக்கும், நோய் வரும், வயசாகும். ஆனால் பட்டியில் எண்ணிப் பார்த்தால் எப்போதும் 96 இருக்கவேண்டும். அதுதான் ஒப்பந்தம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான சங்கதி. உள்ளே என்ன வேண்டுமானாலும் மாறட்டும், வெளியே தெரிகிற அந்த ஓர் எண் மட்டும் மாறக்கூடாது என்று நாமும் நிபந்தனை வைப்போம்.

கல்வெட்டு சொல்லாமல் விட்ட உள்கணக்கை ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 96-ம் பெட்டை ஆடு என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு நூற்றுக்கு எண்பது ஆடு, தலைக்கு ஒரே ஒரு குட்டி போட்டால் ஏறக்குறைய 77 குட்டி. பாதி பெட்டை, அதாவது 38. அதில் கால்வாசி வளரும் முன்னே போய்விட்டாலும் 28 தேறும். ஓர் ஆடு ஐந்தாறு வருஷம் பலன் கொடுக்கும் என்றால் ஆண்டுக்கு 16-லிருந்து 19 ஆடுகளைப் புதுசாகச் சேர்த்தால் போதும். மீதிப் பெட்டைகளும் கிடாக்குட்டிகளும் இடையருக்கு. இவை என் அனுமான எண்கள்தான். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிறது: கடவுளுக்கு எரியும் விளக்குக்கு ஒற்றைக் குட்டியே தாராளம். ரெட்டைக் குட்டி பிறந்தால் இன்னும் சிக்கல். குட்டி குடிக்கிற பால் நெய்யாகாது. விளக்கும் இரண்டாவது குட்டியும் ஒரே மடிக்குப் போட்டி போடும்.

‘ஒரு ஆடு எத்தனை குட்டி போடும்?’ என்ற கேள்வியை உயிரியல் கேள்வியாகத்தான் பார்க்கிறோம். அது இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்கிறது: பிறக்கிற குட்டிக்குச் சோறு போடுவது யார்? ஆடு, தரை, மனுஷன், கடன் என்று யாராவது ஒருவர் கணக்கில் அது ஏறித்தான் ஆகவேண்டும்.

*

நான் ஓசூரில் இருக்கிறேன். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பெருங்கூட்டத்தில் நானும் ஒருத்தன். 1970-களில் சிப்காட் வந்த பிறகு வளர்ந்த ஊர் இது. கம்பெனி பஸ், லேஅவுட், எல்லைக்கல் நட்ட மனைகள். அந்த மனைகளுக்கு நடுவே இப்போதும் சில நாள் காலையில் செம்மறி மந்தை ஒன்று கடந்து போகும். பின்னால் கம்பளி போர்த்திய ஒருவர் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து அதட்டிக்கொண்டு போவார்.

ஓசூரின் பழைய தொழிற்சாலை என்று மத்திகிரி கால்நடைப் பண்ணையைத்தான் சொல்லவேண்டும். 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. பிறகு மாட்டுப் பண்ணையாக மாறியது. அங்கே கால்நடைத் துறை அதிகாரியாக இருந்த ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936-ல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். காங்கேயம் உள்ளிட்ட நம் மாட்டினங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்துக்குத்தான் போகிறார்கள்.

குதிரை படைக்கு, காளை ஏருக்கும் வண்டிக்கும். செம்மறியிடம் அரசு கேட்டது என்ன? கம்பளி. மெரினோ கிடாக்களைக் கொண்டுவந்து உள்ளூர் ஆடுகளோடு சேர்த்து மெல்லிய கம்பளி எடுப்பதுதான் வெள்ளைக்காரர் காலத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகளும் ‘செம்மறி மேம்பாடு’ என்ற சொல்லுக்குப் பொருளாக இருந்தது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து ‘சாண்டினோ’ உருவானது அந்த வழியில்தான். ராஜஸ்தானில் 1962-ல் அவிகாநகரில் தொடங்கிய மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரிலேயே கம்பளி இருக்கிறது.

ஆனால் சமவெளித் தமிழ்நாட்டு ஆடுகள் பலவற்றுக்கு உடம்பில் கம்பளியே கிடையாது, முடிதான். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, தோல் வியாபாரிகள் கொண்டாடுகிற தோல். அதற்கென்றே பொட்டனேரியில் 1978-லிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இறைச்சிக்கும் தோலுக்குமான ஆடு. இறைச்சி என்று வந்துவிட்டால் கேள்வி உடனே மாறிவிடும். ஓர் ஆட்டில் எத்தனை கிலோ கம்பளி என்று யாரும் கேட்பதில்லை, வருஷத்துக்கு எத்தனை குட்டி என்றுதான் கேட்பார்கள். மேச்சேரியின் பதில் பெரும்பாலும் ஒன்று. ரெட்டை அபூர்வம்.

*

ரெட்டையும் மூன்றும் சர்வசாதாரணமாகப் போடுகிற செம்மறி இந்தியாவிலேயே இருக்கிறது. வங்காளத்தின் சுந்தரவனச் சதுப்பில் வாழும் கரோல். வளர்ந்த ஆடே பத்திலிருந்து பதினைந்து கிலோதான். முழங்கால் தண்ணீரில் நின்று புல் மேயும். நம்ம ஊர்ச் சந்தைக்குக் கொண்டுவந்தால் ‘இது குட்டியா ஆடா?’ என்று கேட்பார்கள்.

1790-களில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குப் போன கப்பல்களில் வங்காள ஆடுகள் ஏறின. அப்போது சிட்னி கைதிகளின் குடியேற்றம். இறைச்சி தேவைப்பட்டது. ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று சொல்லப்படும் ஜான் மக்கார்தர் அப்படி வந்ததில் அறுபது வங்காள ஆடுகளையும் குட்டிகளையும் வாங்கினார். பிறகு மெரினோ வந்தது, வங்காள ஆட்டை எல்லாரும் மறந்தார்கள். 1966-ல் வெளியான ஆஸ்திரேலிய இரண்டு டாலர் தாளில் மக்கார்தரின் முகமும் மெரினோ கிடாவும் ஏறின.

அடுத்த காட்சி நியூ சவுத் வேல்ஸில் கூமா என்ற ஊருக்குப் பக்கத்தில் ‘பூரூலா’ பண்ணை. அங்கே சீயர்ஸ் சகோதரர்களின் மெரினோ மந்தையில் மூன்று, நான்கு, ஐந்து என்று குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. மெரினோவுக்கு இது பொருந்தாத குணம். சகோதரர்கள் அப்படிப் பிறந்தவற்றை விற்காமல் தனியே வைத்துப் பெருக்கினார்கள். 1950-களின் இறுதியில் ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்றான கிடா ஒன்றை சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள்.

அந்த ஆடுகளை வாங்கி ஆராய்ந்தவர் ஹெலன் நியூட்டன் டர்னர். படித்தது கட்டடக்கலை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செயலாளராகச் சேர்ந்து, புள்ளியியல் கற்று, உலகம் மதிக்கும் செம்மறி மரபியலாளராக ஆனவர். ஒன்றைப் படித்துவிட்டு வேறொன்றில் வாழ்க்கையைத் தேடுகிற என்னைப் போன்ற எஞ்சினியர்களுக்கு அவர் ஒரு ஆறுதல்.

குட்டி எண்ணிக்கை என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கிற குணம் என்பதுதான் பொதுவான எண்ணம். அதனால்தான் தேர்ந்தெடுத்து வளர்த்தாலும் அது மிக மெதுவாகவே கூடும். பூரூலா அந்த எண்ணத்துக்கு விதிவிலக்கு. ஒரே ஒரு பெரிய மரபணு இந்த வேலையைச் செய்கிறது என்று 1980 வாக்கில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ‘ஃபெக்-பி’ என்று அதற்குப் பெயர். 2001-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக அதன் இடத்தைக் கண்டுபிடித்தன. கருமுட்டைப் பையில் செய்தி வாங்கும் ஒரு புரதத்தில், 249-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான். டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. ஆனால் அந்தப் பிழையால் முட்டை வளரும் நுண்பைகள் சிறியதாக இருக்கும்போதே முதிர்ந்துவிடுகின்றன. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு, மூன்று முட்டைகள் ஒரே சமயத்தில் வெளியேறுகின்றன.

2002-ல் பல நாட்டு ஆடுகளின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது அதே எழுத்து, அதே இடத்தில், கரோல் ஆட்டில் இருந்தது. கல்கத்தாவில் கப்பலேறிய ஆடுகளின் சுவடு இருநூறு வருஷம் மெரினோவின் கம்பளிக்குள்ளே ஒளிந்திருந்தது. மக்கார்தருக்கு நோட்டுத் தாளில் இடம் கிடைத்தது. சதுப்பில் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டைக் காப்பாற்றிய சுந்தரவனக் குடும்பங்களுக்கு இந்த வரலாற்றில் பெயரே இல்லை.

*

அந்த மரபணு தக்காணத்துக்கு வந்தது இன்னொரு வழியில். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் பல்டண் என்று ஒரு சிற்றூர். அங்கே 1968-ல் பி. வி. நிம்ப்கர் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். அவர் மகள் சந்தா நிம்ப்கர் செம்மறி மரபியல் படித்தவர். இலக்கிய வாசகர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ‘யுகாந்தா’ எழுதிய ஐராவதி கார்வேயின் பேத்தி அவர்.

பல்டணைச் சுற்றி தங்கர் இடையர்கள் வளர்ப்பது தக்காணி ஆடு. மேச்சேரி மாதிரியே, ஈற்றுக்கு ஒன்றுதான். நிம்ப்கர்கள் 1990-களில் சுந்தரவனத்திலிருந்து கரோல் ஆடுகளைக் கொண்டுவந்து தக்காணியோடு கலந்தார்கள். முதல் கலப்பில் குட்டி எண்ணிக்கை கூடியது, ஆனால் ஆடு சிறுத்துப்போனது. சிறுத்த ஆட்டை எந்த இடையர் வாங்குவார்? அதனால் திரும்பத் திரும்பப் பெரிய உடம்புள்ள இனங்களோடு சேர்த்தார்கள். அதில் நமக்குப் பக்கத்து மண்டியாவின் பன்னூர் ஆடும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் கரோலின் மற்ற குணங்கள் கரைந்துபோக, அந்த ஓர் எழுத்து மட்டும் தொலையாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வு மையத்தின் உதவியும், புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் செய்த டி.என்.ஏ. சோதனையும் அதற்குத் துணை நின்றன. அப்படி உருவான ஆட்டுக்கு ‘நாரி சுவர்ணா’ என்று பெயர். மரபணுவின் ஒரு பிரதி உள்ள ஆடு, ஈற்றுக்குச் சராசரியாக ஒன்று என்பதிலிருந்து ஒன்றரைக்குப் பக்கத்தில் போனது.

அவர்கள் மூன்று, நான்கு குட்டிக்கு ஆசைப்படவில்லை. ஒரு பிரதி போதும், ரெட்டை போதும் என்று நின்றார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்த நிதானம்தான். ஆடுகளை இடையர்களின் மந்தையிலேயே விட்டு, அங்கே எத்தனை குட்டி பிறக்கிறது, எத்தனை பிழைக்கிறது என்று வருஷக்கணக்கில் எண்ணினார்கள். தீவனம், மருத்துவம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் மரபணுவைக் கொடுத்தார்கள்.

*

ஏன் சேர்த்துக் கொடுக்கவேண்டும்? மரபணு இருந்தால் போதாதா?

போதாது. முட்டை எத்தனை வெளியேறும் என்பதில் ரத்தத்துக்கு இருக்கிற பங்கு வயிற்றுக்கும் இருக்கிறது. கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டை ஆட்டுக்கு நல்ல தீனி போட்டால் ரெட்டை கூடும் என்பது இங்கிலாந்து மேய்ப்பர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ‘ஃப்ளஷிங்’ என்பார்கள். நம்ம ஊரில் அதை மழை செய்கிறது. காய்ந்த தரையில் முதல் மழைக்குப் பிறகு பச்சை துளிர்த்ததும் ஆடு தேறும், தேறியதும் பருவத்துக்கு வரும்.

1970-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு விசித்திரம் கவனிக்கப்பட்டது. லூபின் என்ற பருப்பை ஒரு வாரம்கூட முழுசாகக் கொடுக்கவில்லை, ஆட்டின் எடை கூடவே இல்லை, ஆனால் வெளியேறும் முட்டை கூடியது. செம்மறியின் பருவச் சுழற்சி 17 நாள். அதில் ஒவ்வொரு முறையும் பல நுண்பைகள் வளரத் தொடங்கி, ஒன்று தவிர மற்றவை வாடிவிடும். சரியான சில நாட்களில் ரத்தத்தில் குளுக்கோஸும் இன்சுலினும் கூடினால் வாடவேண்டிய இன்னொன்றும் தப்பிப் பிழைக்கிறது. ‘காலம் நல்லா இருக்கு, இன்னொண்ணும் வரட்டும்’ என்று உடம்பு எடுக்கிற முடிவு அது.

அந்தக் காலம் நல்லா இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் வழி, கை. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகில் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வைத்து அழுத்தவேண்டும். எலும்பு கூர்மையாகக் குத்தினால் 1, வட்டமாகச் சதைக்குள் தட்டுப்பட்டால் 3, எலும்பே தெரியாமல் கொழுத்திருந்தால் 5. 1960-களில் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இதற்கு மதிப்பெண் முறை வகுத்து எழுதிவைத்தார்கள். கிடா சேர்க்கும்போது 3 இருந்தால் நல்லது. 2-க்குக் கீழே போனால் பல ஆடுகள் சினையே ஆவதில்லை. நம்ம ஊர் ஆட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வியாபாரி ஆட்டின் பல்லைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

முட்டை வெளியேறுவது தொடக்கம் மட்டுமே. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி 50 நாளில் ஏறுகிறது. வயிற்றில் ரெட்டை இருந்தால் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்கும். அதிகம் தின்னவேண்டிய நேரத்தில் ஆட்டால் குறைவாகத்தான் தின்னமுடியும். வேறு வழியில்லாமல் தாய் தன் கொழுப்பை எரிக்கும். அது அளவு மீறினால் ரத்தத்தில் நச்சு சேர்ந்து, கண் மங்கி, தள்ளாடி, படுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த நோய்க்கே இரட்டைக்குட்டி நோய் என்று பெயர். தப்பித்துப் பெற்றாலும் ரெட்டைக் குட்டிகள் எடை குறைந்து பிறக்கும், பால் பங்காகும்.

ஃபெக்-பி வயிற்றின் நிலைமையைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. தீனி சரியாக இல்லாத வருஷத்திலும் அது இரண்டாவது முட்டையை வெளியே அனுப்பிவிடும். சாதாரண ஆட்டின் உடம்பு வறட்சியில் எடுக்கிற ‘இந்த வருஷம் ஒண்ணு போதும்’ என்ற முடிவில் இந்த மரபணு கைவைக்கிறது.

*

தேன்கனிக்கோட்டைப் பக்கம் மந்தை ஓட்டும் குரும்பர் ஒருவரிடம் ஒரு முறை நாரி சுவர்ணாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. கர்நாடகத்தில் சொந்தக்காரர் வாங்கிக் கட்டியிருக்கிறாராம்.

“நல்ல ஆடுதான் தம்பி. ஷெட்டுல கட்டி வளக்கறவங்களுக்கு நல்லது. நாங்க தெனம் நடக்கறவங்க. வழியில ஆடு ஈனுச்சுன்னா ஒரு குட்டிய கம்பளில போட்டுத் தூக்கிக்குவேன். ரெண்டாவத யாரு தூக்கறது?”

“அப்ப ரெட்டை வேண்டாங்கறீங்களாண்ணா?”

“வேண்டாம்னு எவன் சொல்லுவான்? முன்ன ஏரிக்கரை இருந்துச்சு, குண்டுக்காடு இருந்துச்சு. அறுத்த ராகிக்காட்டுல கிடை போடுன்னு கூப்பிடுவாங்க. அப்ப ரெட்டை போட்டாலும் தாங்கும். இப்ப காம்பவுண்டுச் செவுரு ஓரமா மேயுது. ஒண்ணு பொழச்சா போதும்.”

இடையர்கள் ரெட்டையை விரும்பாததைப் பழமைவாதம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னது ஒரு கணக்கு. நடக்கிற மந்தைக்கு ஒரு கணக்கு, கட்டிப்போட்ட நாலு ஆட்டுக்கு இன்னொரு கணக்கு. 2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பப் பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அப்படி நாலு ஆடு வைத்து, ராகித்தாளும் கடலைக்கொடியும் அகத்தியும் வேலங்காயும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்த்துவைக்க முடிகிற ஒரு பெண்ணுக்கு இரண்டாவது குட்டி பள்ளிக்கூட ஃபீஸாக மாறும். அவரிடம் இந்த மரபணு போய்ச் சேரவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கையில் அடர்தீவனத்துக்குக் காசில்லாத மார்ச், ஏப்ரலில் அவர் ஆடு சினையாக நின்றால் அதே குட்டி கடனாகவும் மாறும்.

தரை குறையக் குறைய, ஓர் ஆட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுப்பது எப்படி என்ற கேள்வி பலமாகக் கேட்கப்படுகிறது. ஓசூரைச் சுற்றி மேய்ச்சல் நிலம் மனையாகவும் ஆலையாகவும் மாறியதற்கு ஆட்டின் கருப்பையில் ஈடு தேடுகிறோம். விஞ்ஞானம் தன் பங்கை நேர்மையாகவே செய்திருக்கிறது. ஒன்று இரண்டாக முடியும் என்று காட்டியிருக்கிறது, அதற்கு என்ன தீனி, எந்த வாரத்தில், முதுகில் எவ்வளவு சதை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறோம்.

சோழர் காலத்துக் கோயில் 96 ஆட்டைக் கொடுத்து ஓர் உழக்கு நெய் கேட்டது. இழப்பு இடையரின் தலையில்தான் விழுந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆடுகள் மேய ஒரு தரை இருக்கும் என்பதைக் கல்வெட்டு எழுதியவர்கள் கேள்வி கேட்காமலே நம்பியிருக்கவேண்டும். இப்போது புதிய ரக ஆட்டை வாங்கும்போது கையில் கொடுக்கிற தாளில் தடுப்பூசித் தேதி இருக்கும், மரபணுச் சோதனை முடிவும்கூட இருக்கலாம். எங்கே மேயும் என்று அதில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அதற்கு ஓசூரில் இன்று பதில் எழுதக்கூடியவர்கள் ஆடு வளர்ப்பவர்கள் இல்லை. நிலத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள்.